ஒரு போன், நான்கு முதலாளிகள்

பெரியப்பாவுக்கு இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. மறந்துவிடுகிறார் என்று பெரியம்மா புலம்பியதால், அவர் போனில் நினைவூட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். இரண்டு நாள் சரியாக அடித்தது. மூன்றாம் நாள் அடிக்கவில்லை. "ஏம்ப்பா, நீ போட்டுக் குடுத்தது கோயில் மணி மாதிரி இருக்கு. யாராவது போய் ஆட்டினாத்தான் அடிக்குது" என்றார் போனில்.

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் கோளாறை அவ்வளவு துல்லியமாக ஒரு இன்ஜினீயர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஆப்பை அவர் திறந்து பார்த்த நாட்களில் மணி அடித்தது. திறக்காத நாட்களில் அடிக்கவில்லை.

ஆண்ட்ராய்டு 2015-ல் அதன் 6-ம் பதிப்பில் 'டோஸ்' என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது. போன் அசையாமல், திரை அணைந்து கிடந்தால், ஆப்கள் நினைத்த நேரத்தில் எழுந்து இணையத்துக்குப் போக முடியாது. அவ்வப்போது திறக்கிற ஒரு சிறிய இடைவெளியில் எல்லோரும் சேர்ந்து வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்க நல்ல ஏற்பாடுதான். அலாரம் போன்ற அவசரங்களுக்கு அதில் தனி வழியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் போன் செய்யும் கம்பெனிகள் பலவற்றுக்கு இது போதவில்லை. 'இரண்டு நாள் சார்ஜ் நிற்கும்' என்று பெட்டியில் போட வேண்டுமே. அதனால் தங்கள் பங்குக்கு ஒரு காவல்காரனை உள்ளே உட்கார வைக்கின்றன. கொஞ்ச நேரம் திறக்காத ஆப்பை அவன் தூங்க வைப்பதில்லை, கழுத்தை நெரித்துவிடுகிறான். அப்படி வலுக்கட்டாயமாக ஒரு ஆப்பை நிறுத்தினால், அது ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த அலாரங்களும் ரத்தாகிவிடும். மறுபடி யாராவது கையால் திறந்தால்தான் அதற்கு உயிர். கோயில் மணி என்று பெரியப்பா சொன்னது இதைத்தான்.

அடுத்த முறை போனபோது அதைச் சரிசெய்ய நான்கு இடங்களில் கை வைக்க வேண்டியிருந்தது. 'ஆட்டோ ஸ்டார்ட்' என்ற பட்டியலில் அந்த ஆப்பைச் சேர்க்க வேண்டும். பேட்டரி பகுதிக்குப் போய்க் 'கட்டுப்பாடு வேண்டாம்' என்று மாற்ற வேண்டும். சமீபத்திய ஆப்கள் வரிசையில் அதைப் பிடித்துப் பூட்டுப் போட வேண்டும். அலாரம் வைக்கும் அனுமதி தனியாக வேறொரு மூலையில். இந்த நான்கில் ஆண்ட்ராய்டுக்கே உரியது இரண்டு; மீதி அந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. இன்னொரு கம்பெனி போனில் அவை வேறு பெயரில், வேறு இடத்தில் இருக்கும். எந்தக் கம்பெனி ஆப்களை எவ்வளவு மூர்க்கமாகக் கொல்கிறது என்று தரவரிசை போடுவதற்கென்றே ஆப் எழுதுகிறவர்கள் 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஓர் இணையதளம் நடத்துகிறார்கள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சின்ன மணிக்கதையில் தவறு யாருடையது? ஆப் எழுதியவரைக் கேட்டால் போன் கம்பெனியைக் கைகாட்டுவார். போன் கம்பெனி, ஆப் சரியில்லை என்று சொல்லும். கூகுளைக் கேட்டால், 'நாங்கள் அலாரத்துக்கு வழி வைத்திருக்கிறோமே' என்பார்கள். ஆண்ட்ராய்டின் குறைகள் என்று நாம் பட்டியல் போடுவதில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்து நிற்கின்றன. அப்டேட் வரவில்லை, விளம்பரம் தொல்லை, இடம் நிரம்பிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று தனித்தனியாகச் சொல்கிறோம். வேர் ஒன்றுதான். அந்தப் போனுக்குக் கூகுள், சிப் செய்கிறவர், போன் செய்கிறவர், உள்ளே இடம் வாங்கிய விளம்பரக்காரர் என்று நான்கு முதலாளிகள். காசு கொடுத்து வாங்கியவர் ஐந்தாவது ஆள்.

இது எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஆண்ட்ராய்டு என்ற சிறிய நிறுவனம் 2003-ல் கலிபோர்னியாவில் தொடங்கியபோது, அவர்கள் மனதில் இருந்தது டிஜிட்டல் கேமரா. அந்தச் சந்தை படுக்கும் என்று தெரிந்ததும் போன் பக்கம் திரும்பினார்கள். 2005-ல் கூகுள் அதை வாங்கியது. 2007 நவம்பரில் 34 நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி ஒன்றை அறிவித்தது. அடுத்த ஆண்டில் முதலாவது ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. அப்போது ஐபோன் வந்து மற்ற போன் கம்பெனிகள் மிரண்டு நின்ற நேரம். அவர்களிடம் கருவி இருந்தது, அதில் ஓட நல்ல மென்பொருள் இல்லை. கூகுள் அதை இலவசமாகக் கொடுத்தது; எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. ஆண்ட்ராய்டு 'திறந்த' அமைப்பு என்று அன்றிலிருந்து பெருமையாகச் சொல்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கதவு திறந்தது போன் கம்பெனிகளுக்கு. வாங்குகிறவருக்கு என்று யாரும் சொல்லவில்லை, நாமாகவே நினைத்துக்கொண்டோம்.

அப்டேட் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். இதுதான் எல்லாக் குறைகளுக்கும் தாய். கூகுள் புதிய பதிப்பை வெளியிட்டதும் அது நேராக நம் போனுக்கு வருவதில்லை. முதலில் குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனி அதைத் தன் சிப்புக்கு ஏற்பத் தயார்செய்ய வேண்டும். அதற்குப் பிறகு போன் கம்பெனி, தன் அலங்காரங்களையெல்லாம் அதன்மேல் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஒரு கம்பெனியிடம் முப்பது நாற்பது மாடல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. சில நாடுகளில் சிம் கம்பெனியும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி 'முடியாது' என்றால் அத்தோடு சரி. விற்று முடித்த பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்கு மறுபடி ஆள் போட்டு வேலை பார்ப்பதில் எந்தக் கண்ணிக்கும் லாபம் இல்லை.

இதன் அபாயம் 2015 ஜூலையில் வெட்டவெளிச்சமானது. ஆண்ட்ராய்டுக்குள் வீடியோ, ஆடியோ கோப்புகளைக் கையாளும் 'ஸ்டேஜ்பிரைட்' என்ற பகுதியில் ஓட்டைகள் இருப்பதை சிம்பீரியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. ஒருவருடைய நம்பர் தெரிந்தால் போதும், ஒரு எம்.எம்.எஸ். அனுப்பி, அவர் அதைத் திறக்காமலேயே போனுக்குள் நுழையலாம். சுமார் 95 கோடி போன்கள் இந்த ஓட்டைக்கு ஆளாகக்கூடியவை என்று கணக்குச் சொன்னார்கள். ஓட்டையை அடைக்கும் திருத்தம் கூகுளிடம் தயாராகவே இருந்தது. அதை அந்த 95 கோடிப் போன்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழி இல்லை. கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது அதற்கடுத்த மாதத்திலிருந்துதான்.

பிறகு கூகுள் சும்மா இருக்கவில்லை. 2017-ல் 8-ம் பதிப்பில், சிப் சார்ந்த பகுதியையும் மேலே உள்ள ஆண்ட்ராய்டையும் தனித்தனி அறையாகப் பிரித்தது. ஒன்றைத் தொடாமல் இன்னொன்றை மாற்றலாம் என்பது நோக்கம். 2019-ல் இன்னொரு படி மேலே போய், சில பகுதிகளை ப்ளே ஸ்டோர் வழியாகத் தானே நேரடியாகப் புதுப்பிக்க ஆரம்பித்தது. இரண்டும் உண்மையில் பயன் தந்தன. ஆனால் சிப் கம்பெனி கையை விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் பேர்போன் நல்ல உதாரணம். போனைப் பல வருஷம் உழைக்க வைக்க வேண்டும் என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் சின்ன கம்பெனி அது. 2015-ல் அவர்கள் விட்ட பேர்போன் 2-ல் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப்பை, ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு குவால்காம் கைவிட்டுவிட்டது. சிப் கம்பெனியின் உதவி இல்லாமலேயே தட்டுத்தடுமாறி 7-ம் பதிப்பைக் கொண்டுவந்து, 2021-ல் 9-ஐயும் கொண்டுவந்து, 2023 வரை அந்தப் போனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சின்ன கம்பெனியால் முடிந்தது பெரிய கம்பெனிகளால் முடியாததா? முடியும். ஆனால் பழைய போன் நன்றாக ஓடினால் புதுப் போன் யார் வாங்குவது.

2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8-க்கு 7 ஆண்டு அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கு அதையே சொன்னது. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வெளிவந்தபோது அரை லட்சத்தைத் தாண்டிய போன்கள். நம் ஊரில் அதிகம் விற்பது பத்திலிருந்து பதினைந்தாயிரம் வரையில் உள்ளவை. அங்கே பல மாடல்களுக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்றுதான் கதை ஓடுகிறது. யாருக்குப் போனை அடிக்கடி மாற்ற வசதி இல்லையோ, அவருக்குத்தான் அப்டேட்டும் சீக்கிரம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதற்குச் சட்டமே போட்டிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டு அப்டேட் கிடைக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

அப்டேட் நின்ற போன் உடனே செத்துவிடாது. மெல்லத்தான் தேயும், கழுதை கட்டெறும்பான கதையாக. அது எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். இணையதளங்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்க ஒவ்வொரு போனுக்குள்ளும் நம்பகமான சான்றளிப்பாளர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். பழைய ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டியல் அமைப்போடு ஒட்டியே இருந்தது. முழு அப்டேட் வந்தால்தான் அது மாறும். உலகெங்கும் கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்று தரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, தான் சார்ந்திருந்த பழைய மூலச்சான்று 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியாகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தது. 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் அவர்களின் புதிய சான்று கிடையாது, அதனால் அந்தத் தளங்களைப் போன் நம்ப மறுக்கும். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒன்று அந்த ரகம். அந்தப் போன் வைத்திருந்தவர்களுக்குச் சொன்ன யோசனை: பயர்பாக்ஸ் பிரௌசரைப் போட்டுக்கொள்ளுங்கள், அது தன் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது. கடைசியில் வேறொரு குறுக்குவழியைக் கண்டுபிடித்து மூன்று வருஷம் தள்ளிப்போட்டார்கள். அந்தப் பட்டியலைத் தனியாகப் புதுப்பிக்கும் வசதி ஆண்ட்ராய்டுக்கு வந்தது 14-ம் பதிப்பில், 2023-ல்.

அடுத்தது விளம்பரம். பெரியப்பா போனில் 'இடம் இல்லை' என்று வந்துகொண்டிருந்தது. கோப்புகளைப் பார்க்கும் ஆப்பைத் திறந்து பழைய படங்களை அழிக்க ஆரம்பித்தேன். ரோஜாப்பூவும் காபிக் கோப்பையும் போட்ட காலை வணக்கங்கள், முருகன், சாய்பாபா, குடும்பக் குழுவில் மூன்று பேர் தனித்தனியாக அனுப்பிய ஒரே வீடியோ. நூறு படம் அழித்ததும் திரை முழுக்க ஒரு ரம்மி விளம்பரம். இது நாம் இறக்கிய ஆப் அல்ல. போனோடு வந்தது, கம்பெனியே எழுதியது. நம் சொந்த வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஏணிக்குக் குறுக்கே யாரோ வந்து நோட்டீஸ் நீட்டுவது மாதிரி.

காரணம் விலையில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் சீனப் போன் கம்பெனியான ஷாவ்மியின் தலைவர் லெய் ஜுன், போன் முதலான கருவிகளில் தங்கள் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று வெளிப்படையாக அறிவித்தார். பெரியப்பாவின் போன் அவர்கள் செய்ததல்ல, ஆனால் விலை குறைந்த போன் தொழிலே இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. கருவியில் கிடைக்காத லாபத்தைப் பிறகு மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். போனோடு வரும் ஆப்களில் விளம்பரம், வாங்கும்போதே ஏற்றி வைத்த கடன் ஆப், ஷாப்பிங் ஆப், கேம். பூட்டிய திரையைக்கூட விடுவதில்லை. பெங்களூரின் கிளான்ஸ் நிறுவனம் அந்தத் திரையில் படம், செய்தி, விளம்பரம் காட்டுவதையே தொழிலாக வைத்துக் கோடிக்கணக்கான போன்களில் இருக்கிறது. ஆக, கடையில் நாம் கொடுத்தது முன்பணம்தான். மாதத் தவணையைக் கண்ணால் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த ஆப்களை நீக்கலாமா? பலவற்றில் 'அன்இன்ஸ்டால்' என்ற பொத்தானே இருக்காது. 'முடக்கு' இருந்தால் அதிர்ஷ்டம். விவரம் தெரிந்தவர்கள் டெவலப்பர் வசதியைத் திறந்து, போனைக் கம்ப்யூட்டரில் செருகி, கட்டளை எழுதி எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்துவிட்டுப் பணம் அனுப்பப் போனால், டெவலப்பர் வசதி திறந்திருக்கிறது என்று சில வங்கி ஆப்கள் உள்ளேயே விடாது. முழுதாக வேறு ஆண்ட்ராய்டை ஏற்றிக்கொண்டால் இன்னும் மோசம். இந்தப் போன் நம்பத்தக்கதல்ல என்று கூகுளின் சோதனையே சொல்லிவிடும். 2025 டிசம்பர் தொடக்கத்தில் அரசாங்கமும் இந்த வரிசையில் எட்டிப் பார்த்தது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புதுப் போன்களிலும் ஏற்றியே விற்க வேண்டும் என்ற உத்தரவு வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியதும், சில நாட்களிலேயே வாபஸ் வாங்கினார்கள்.

இட நெருக்கடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் அனுபவிப்பதுதான். 64 ஜி.பி. என்று வாங்கினால் அமைப்பும் கூட வந்த ஆப்களும் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. நிரம்ப நிரம்ப வேகமும் குறையும், மலிவான போன்களில் வரும் பழைய ரகச் சேமிப்பகத்தில் இது இன்னும் அதிகம். 'எட்டும் எட்டும் பதினாறு ஜி.பி. ரேம்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த இரண்டாவது எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கி ரேம் போலக் காட்டுவது. நிஜ ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, குருவிக்குச் சும்மாடு கட்டிவிட்டோம் என்று விளம்பரம் செய்வது.

திருட்டு ஆப்களின் விஷயம் வேறு மாதிரி. ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் ஆப் ஏற்றலாம். இதுதான் அதன் உண்மையான சுதந்திரம் என்பது என் கட்சி. எஃப்-டிராய்டு போன்ற கட்டற்ற (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) ஆப் களஞ்சியங்கள் பிழைத்திருப்பதே அந்த வாசலால்தான். ஆனால் அதே வாசல் வழியாகத்தான் 'கல்யாணப் பத்திரிகை' வருகிறது. வாட்ஸ்ஆப்பில், தெரிந்தவர் நம்பரிலிருந்தே, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு கோப்பு. படமோ பி.டி.எஃப்.போ இல்லை, கடைசியில் ஏ.பி.கே. என்று முடியும். தொட்டால் ஆப் ஏறிக்கொள்ளும். எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், பத்திரிகையைப் பார்க்கும் அவசரத்தில் கொடுத்துவிடுவோம். அதன்பிறகு வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. நமக்கும் வரும், அவனுக்கும் போகும். அப்புறம் நம் நம்பரிலிருந்து அதே பத்திரிகை நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போகும். போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்று வேஷம் மாறும், சரக்கு ஒன்றுதான். எங்கள் குடும்பக் குழுவிலேயே ஒன்று வந்தது. நல்லவேளை, பெரியப்பா போனில் இறக்க இடம் இல்லை.

இன்னும் விபரீதமானது, பார்வையற்றவர்களுக்கு உதவுவதற்காக வைத்த அணுகல் வசதி. திரையில் இருப்பதைப் படிக்கவும், நமக்குப் பதிலாகப் பொத்தானைத் தொடவும் அதற்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் திருடன் கைக்குப் போனால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பணம் போகும். 2022-ல் 13-ம் பதிப்பில், வெளியிலிருந்து ஏற்றிய ஆப்களுக்கு இந்த வசதி எளிதில் கிடைக்காதபடி கூகுள் முடிச்சுப் போட்டது. பழைய போன்களில் அந்த முடிச்சு இல்லை. சுற்றிச் சுற்றி அப்டேட்டுக்கே வந்து நிற்கிறோம்.

2025 ஆகஸ்டில் கூகுள் இன்னும் கடுமையாக ஒன்றை அறிவித்தது. வெளியிலிருந்து ஏற்றும் ஆப்பாக இருந்தாலும் அதை எழுதியவர் தன் அடையாளத்தை முன்பே பதிவுசெய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோவது அப்போது சொன்ன திட்டம். கட்டற்ற மென்பொருள்காரர்கள் கொதித்தார்கள். எனக்கும் இதில் அரை மனதுதான். ஏனென்றால் கூகுளே காவல் காக்கும் ப்ளே ஸ்டோர் ஒன்றும் சுத்தமான இடமில்லை. 'ஜோக்கர்' என்ற ஒரே ரகத் திருட்டு நிரலைச் சுமந்த 1,700 ஆப்களை நீக்கியதாக 2020 ஜனவரியில் கூகுளே சொன்னது. கடன் ஆப்கள் இன்னும் கொடுமை. வாங்கியவரின் தொடர்புப் பட்டியலை உருவிக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போன் போட்டு மானத்தை வாங்கினார்கள்; உயிர்களும் போயின. 2022 செப்டம்பர் தொடங்கி 2023 ஆகஸ்ட் வரை 2,200-க்கு மேற்பட்ட கடன் ஆப்கள் ப்ளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்ற கூகுளின் விதி அமலுக்கு வந்தது 2023 மே கடைசியில்தான். வாசலில் இருந்த காவலர் சம்பளம் வாங்கிக்கொண்டு அதுவரை எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அனுமதிகளின் கதையும் இப்படி ஊர்ந்துதான் வந்தது. 2015-க்கு முன் ஆப் ஏற்றும்போதே கேட்டதையெல்லாம் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆப் இல்லை. டார்ச் லைட் ஆப்புக்கு எதற்கு நம் இருப்பிடம்? 'பிரைட்டஸ்ட் பிளாஷ்லைட்' என்ற பிரபலமான டார்ச் ஆப், பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்ததை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2013 டிசம்பரில் பிடித்தது. இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறது, 'இந்த ஒரு முறை மட்டும்' என்றுகூடக் கொடுக்கலாம். ஆனால் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஒருவர் உள்ளேயே இருக்கிறாரே. 2018-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஷ்மிட், யாரும் தொடாமல் ஒரு ஆண்ட்ராய்டு போனைப் பின்னணியில் குரோம் ஓடியபடி வைத்துப் பார்த்தார். 24 மணி நேரத்தில் 340 முறை அது கூகுளுக்கு இருப்பிடத் தகவல் அனுப்பியது. 2021-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் ஆண்ட்ராய்டையும் ஐபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். இரண்டுமே சராசரியாக நாலரை நிமிஷத்துக்கு ஒருமுறை தாய்வீட்டுக்குப் பேசின. கூகுள் எடுத்துக்கொண்ட தகவலின் அளவு ஆப்பிளைவிட ஏறக்குறைய 20 மடங்கு. அளந்த முறை சரியில்லை என்று கூகுள் மறுத்தது.

நம்மவர்களுக்கென்று இதில் தனியாக ஒரு பழைய வடு உண்டு. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சில மாடலில் தெரியும், சிலவற்றில் தெரியாது, சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஓபரா மினி பிரௌசரில் ஒளிந்திருந்த ஓர் அமைப்பை மாற்றி, எழுத்துகளைப் படமாக வரவழைத்துத் தமிழ் படித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். தட்டச்சு செய்ய வெளி விசைப்பலகை ஆப்பைத்தான் நம்பினோம். அதை ஏற்றும்போது, 'நீங்கள் தட்டுவதையெல்லாம், கடவுச்சொற்கள் உட்பட, இது சேகரிக்கக்கூடும்' என்று போன் எச்சரிக்கும். எல்லா விசைப்பலகைக்கும் வரும் பொது எச்சரிக்கைதான் அது. ஆனாலும் ஆங்கிலம் தட்டுகிறவர் போனோடு வந்ததை வைத்தே ஓட்டிவிட்டார். தமிழில் எழுத ஆசைப்பட்டவர் அந்த எச்சரிக்கைக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது.

நான்கு முதலாளிகள் என்றேனே தவிர நால்வரும் சமம் இல்லை. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ப்ளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப் முதலானவை கூகுளின் சொந்தச் சொத்து. நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். 2012-ல் ஏசர் கம்பெனி, சீனாவின் அலிபாபா செய்த அலியுன் என்ற வேறொரு போன் அமைப்பில் ஒரு போன் வெளியிடத் தயாராகி, கூகுள் முகம் சுளித்ததும் கடைசி நேரத்தில் விழாவை ரத்து செய்தது. 2019-ல் அமெரிக்கத் தடையால் சீனப் போன் கம்பெனி ஹுவாவேக்குக் கூகுள் ஆப்கள் நின்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த மேட் 30-ல் ஆண்ட்ராய்டு இருந்தது, ப்ளே ஸ்டோர் இல்லை. சீனாவுக்கு வெளியே அவர்கள் வியாபாரம் படுத்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இந்த மேலாதிக்கத்துக்காகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில உத்தரவுகளைத் தளர்த்தினாலும் அபராதத்தை உறுதிசெய்தது. அதற்கடுத்த ஆண்டு, 2024 மார்ச் 1-ல், கூகுள் கேட்ட கட்டணம் பற்றிய தகராறில் சென்னையின் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்கள் ப்ளே ஸ்டோரிலிருந்து காணாமல் போயின. மத்திய அரசு தலையிட்டபின் சில நாட்களில் திரும்பி வந்தன. ஆனால் ஒரு பொத்தானில் எத்தனை கல்யாணம் நின்று போகலாம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஐபோனுக்கு மாறுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே முதலாளி ஒருவர்தான். அதனால் அப்டேட் ஒழுங்காக வரும், கெடுபிடியும் அப்படியே இருக்கும், விலை நமக்கு எட்டாது. கீரை விற்கிற அம்மாவின் தள்ளுவண்டியில் யு.பி.ஐ. அட்டை தொங்குவதற்கு மலிவான ஆண்ட்ராய்டு முக்கியக் காரணம். இந்தியாவில் நூறு ஸ்மார்ட்போனில் தொண்ணூறுக்கு மேல் அதுதான்.

போன மாதம் பெரியப்பாவுக்குப் புதுப் போன் வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். "இதுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும் தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் தானா வரும்ணே. நீங்க கேமராவப் பாருங்க" என்றார் கடைப் பையன். கேமரா நன்றாகத்தான் இருந்தது. காட்சிக்கு வைத்திருந்த போனை வாங்கி, செட்டிங்ஸின் அடியில் போனைப் பற்றிய பகுதிக்குள் போய், பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியைத் தேடினேன். எட்டு மாதம் பழையது. இணைப்பில் போட்டு 'அப்டேட் இருக்கிறதா' என்று தட்டினேன். 'உங்கள் போன் முழுவதும் புதுப்பிக்கப்பட்டுள்ளது' என்று பச்சை டிக் காட்டியது. பெரியப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மணி அடிக்குமா?" என்று பையனைக் கேட்டார்.